கழிவுக் கூடை

தக்காளிச் செடியில் கை வைத்தவர்களுக்குத் தெரியும். பறிக்கும்போது விரலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் பிசுபிசுப்பு ஏறும், அப்புறம் கருத்துப்போகும், சோப்புப் போட்டால் நுரை மஞ்சளும் பச்சையுமாக ஓடும். வாசனை மட்டும் எத்தனை கழுவினாலும் போகாது. பழத்தின் வாசனை இல்லை அது, இலையின் வாசனை. கசப்பும் காரமும் கலந்து மூக்குக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அரையாண்டு விடுமுறைக்குக் குடும்பத்தோடு புதுச்சேரி போயிருந்தோம். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். ஒரு நாள் மதியம் ஆரோவில்லில் இருக்கும் சாலிட்யூட் பண்ணைக்குச் சாப்பிடப் போனோம். தோட்டத்தில் விளைந்ததை அங்கேயே சமைத்துப் போடுகிறார்கள் என்று என் மனைவி விசாரித்து வைத்திருந்தாள். சாப்பாடு வருவதற்குள் பிள்ளைகள் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டார்கள். அங்கே வேலை செய்யும் அம்மா ஒருவர் தரையோடு படர்ந்து கிடந்த தக்காளியைக் காட்டிப் பறித்துத் தின்னச் சொல்லியிருக்கிறார். நெல்லிக்காய் அளவுப் பழங்கள். கை கழுவும் இடத்தில் என் மகள், “அப்பா, கையெல்லாம் பச்சையா வருதுப்பா” என்று உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

பக்கத்தில் நின்ற அப்பா அந்தக் கையைப் பிடித்து மோந்து பார்த்தார். “சோப்புக்குப் போகாது சாமி. ஒரு காயை நசுக்கித் தேய்ச்சாப் போயிரும்” என்றார். சொல்லிவிட்டு அவரும் ஒருமுறை தன் கையை மோந்துகொண்டார். அவர் தக்காளி போட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

எங்கள் ஊர் ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கம். சுற்றுப்பட்டுக் கிராமங்கள் எல்லாமே காய்கறியை நம்பியவை. தக்காளி, கத்தரி, முருங்கை, வெங்காயம் எதுவானாலும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய், அங்கிருந்து பெரும்பகுதி லாரியேறிக் கேரளத்துக்குப் போய்விடும். ஓணம் வருகிறது என்றால் எங்கள் ஊரில் ஒருவிதச் சுறுசுறுப்பு இருக்கும். மகாபலி வருகிறாரோ இல்லையோ, விலை வரும். பண்டிகை முடிந்த மறுநாளே கமிஷன் கடைக்காரர் முகம் மாறிவிடும்.

பறிப்பு அன்று விடிவதற்கு முன்பே அம்மா தோட்டத்தில் இருப்பாள். கூலிக்கு வரும் பெண்கள் ஏழெட்டுப் பேர். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். பள்ளிக்கூடம் லீவு என்றால் எனக்கும் ஒரு கூடை உண்டு. எனக்கு முதலில் சொல்லிக்கொடுக்கப்பட்ட சட்டம், பழுத்ததைத் தொடாதே என்பதுதான். ராத்திரி ஏற்றிய பெட்டியை மறுநாள் எங்கோ பாலக்காட்டிலோ திருச்சூரிலோதான் திறப்பார்கள். நன்றாகப் பழுத்தது அடிப்பெட்டியில் இருந்தால் சாறாகத்தான் போய்ச் சேரும். அதனால் அடிமூக்கில் மட்டும் சிவப்பு ஏறிய செங்காயாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். செடியிலேயே முழுக்கச் சிவந்துவிட்டது வியாபாரத்துக்கு ஆகாது.

வேப்பமரத்தடியில் சாக்கை விரித்துக் கொட்டி அம்மாவும் அப்பாவும் தரம் பிரிப்பார்கள். பெரிய செங்காய் ஒரு குவியல். சிறியது, கோணலானது இன்னொன்று. மூன்றாவது கழிவு. வெடித்தது, பறவை கொத்தியது, வெயில் பட்டு வெளுத்தது, காம்புப் பக்கம் அழுகல் தொட்டது, அப்புறம் அந்த முழுப்பழங்கள். முதல் இரண்டும் பெட்டிக்குள் போகும். மூன்றாவது மட்டும் ஒரு பழைய மூங்கில் கூடையில் விழும். அந்தக் கூடைதான் வீட்டுக்கு வரும்.

தக்காளி மட்டுமில்லை, எல்லாமே அப்படித்தான். நீளமான முருங்கைக்காய் கட்டுக் கட்டாகப் போகும், முறுகியதும் முற்றியதும் சாம்பாருக்கு வரும். கத்தரியில் சொத்தை வீட்டுக்கு. வெங்காயத்தில் அழுகல் பட்டதை உரித்து நல்ல பாதியை எடுத்துக்கொள்ள வேண்டும். பால்கூட முதலில் சொசைட்டிக்கு, மிஞ்சியது மோருக்கு. இதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. விற்கக்கூடியதைத் தின்பது கடன்காரனுக்கு அழகில்லை என்பது அப்பாவின் எண்ணம். அடியுரத்துக்கும் மருந்துக்கும் கடை பாக்கி எப்போதும் இருந்தது. விருந்தாளி யாராவது வந்துவிட்டால் மட்டும் அம்மா முதல் குவியலில் கை வைப்பாள். அப்பா பார்த்தும் பார்க்காததுமாக மாட்டுப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

வீட்டில் அடுப்பு மூட்டியதும் அம்மா கழிவுக் கூடையைக் கவிழ்த்துக் கத்தியால் ஒவ்வொன்றாகக் கோதுவாள். அழுகலை வெட்டித் தள்ளிவிட்டு மிச்சத்தைச் சட்டியில் போட்டு, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், சீரகம் சேர்த்து வேகவைத்து, மத்தால் கடைந்து கடுகு தாளித்துக் கொட்டினால் தக்காளிக் கடைசல். காலையில் அது, மதியம் அதன் மிச்சம், ராத்திரி தக்காளி ரசம். மாசக்கணக்கில் அப்படிப் போகும். பறிப்பு முடிவதற்குள் தக்காளி என்ற பேச்சே எனக்கு வயிற்றைப் புரட்டும்.

ஆனாலும் அந்த முழுப்பழம் இருக்கிறதே, வெடித்து, வெடிப்பில் மண் ஒட்டி, காலை வெயிலில் சூடேறி இருக்கும். வாய்க்கால் தண்ணீரில் அலசி, உப்பு தொட்டு நின்ற வாக்கிலேயே கடித்தால் முழங்கை வரை வழியும். அதுதான் தோட்டத்திலேயே நல்ல பழம் என்று அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. கழிவு என்று பெயர் வைத்துவிட்டதால் நாக்கும் அப்படியே நம்பிவிட்டது.

எங்களுக்கு ஆசை எல்லாம் ஒட்டன்சத்திரத்துக் கிளப்புக்கடையில் இருந்தது. நல்ல விலை விழுந்த நாளில் அப்பா என்னையும் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போவார். ஏலம் முடிந்து, கமிஷனும் இறக்குக்கூலியும் போக மிச்சத்தை எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த ஒரு ஹோட்டலுக்குள் நுழைவோம். மார்பிள் பதித்த மேஜை, எவர்சில்வர் டம்ளர், கரண்டியோடு வரும் சாம்பார் வாளி. அந்த வாளியை இன்னொரு முறை கொண்டுவரச் சொன்னால் காசு கேட்க மாட்டார்கள் என்பதே எனக்குப் பெரிய அதிசயம். ஒருமுறை அப்பா சாம்பாரிலிருந்த முருங்கைக்காயை எடுத்துக் கடித்துவிட்டு, கொஞ்ச நேரம் மென்றார். “இது முந்தாநாள் பறிச்சது” என்றார். பிறகு, “நம்ம தெக்குவெளி மரத்துக் காயாட்ட இருக்குது” என்றார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அதை நாங்கள் காசு கொடுத்து, இரண்டு நாள் கழித்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டோம், வீட்டில் கிடைக்காத ருசியோடு சாப்பிட்டோம். வெளியே வந்ததும் அப்பா பீடா போட்டுக்கொண்டார். அப்படி ஒரு நாளில்தான் போடுவார்.

சாலிட்யூடில் எங்களுக்குத் தட்டு வந்தது. கீற்றுக் கொட்டகை, சுற்றிலும் வாழையும் பப்பாளியும். வரகரிசிச் சோறு, பருப்பு, வாழைத்தண்டு, துருவிய பப்பாளிக்காய், ஏதோ கீரை, மேலே தூவிய பூவிதழ்கள், ஓரத்தில் அந்தச் சின்னத் தக்காளிகள். சிலது வெடித்திருந்தன. என் மகன் பூவைத் தின்னலாமா என்று கேட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தான். “மாடு திங்குதல்ல, நீயும் தின்னு” என்றாள் அம்மா.

இந்தப் பண்ணையை 1996இல் தொடங்கியவர் கிருஷ்ணா மெக்கன்ஸி, இங்கிலாந்திலிருந்து இளைஞராக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நாங்கள் அவரைப் பார்க்கவில்லை. சரளமாகத் தமிழ் பேசுவார், முருங்கைக்கீரையையும் பப்பாளியையும் பற்றி அவர் பேசும் வீடியோக்களை என் மனைவி ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். ஜப்பானில் ஷிகோகு தீவைச் சேர்ந்த மசனோபு ஃபுகுவோகாவின் வழியில் பண்ணை நடக்கிறது. உழாதே, உரம் போடாதே, களை எடுக்காதே, மருந்து அடிக்காதே என்று நான்கு ‘வேண்டாம்’களைச் சொன்னவர் ஃபுகுவோகா. ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ என்ற அவருடைய புத்தகம் தமிழில் வந்து, நம்மாழ்வார் காலத்தில் இயற்கை விவசாயக் கூட்டங்களில் எல்லாம் கைமாறியது. இதை நான் அப்பாவிடம் விளக்கினேன். உழவு வேண்டாம் என்றபோது தலையாட்டினார். உரம் வேண்டாம் என்றபோதும் ஆட்டினார். களை எடுக்கக் கூடாது என்றதும் சோற்றுக் கையை நிறுத்திவிட்டார்.

“களையெடுக்காம என்ரா விவசாயம்? பொம்பளைங்க எதுக்குக் காட்டுக்கு வருவாங்க?”

அவர் கேட்டதன் பின்பாதி எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கம் கடலைக்காட்டில் களையெடுப்பு என்பது கீரை எடுப்பும்தான். மழை பெய்து பத்துப் பதினைந்து நாளில் கடலைச் செடியோடு பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமுட்டிக்கீரை எல்லாம் போட்டியிட்டு வளரும். எதுவும் விதைத்ததில்லை. களைக்கொத்தோடு வரிசையில் உட்காரும் பெண்கள் கொத்துவதைக் கொத்திவிட்டு, கொழுந்தை மட்டும் கிள்ளி மடியில் கட்டிக்கொள்வார்கள். காடு யாருடையது என்றாலும் மடிக்கீரையை யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். கூலி தனி, கீரை தனி. அன்று சாயங்காலம் ஊருக்குள் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரே வாசனை வரும். எல்லா வீட்டிலும் கீரைக் கடைசல், கூட கம்மஞ்சோறோ களியோ. பணக்கார வீட்டிலும் அதுதான், கூலிக்கார வீட்டிலும் அதுதான். வருடத்தில் அந்தச் சில வாரம்தான் இரண்டு அடுப்பிலும் ஒன்று வெந்தது.

இப்போது களைக்கொல்லி வந்துவிட்டது. கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை என்பது உண்மை, விவசாயியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆனால் அடித்த நாலாம் நாள் கடலைக்குள் ஒரு கீரை இருக்காது. பண்ணைக்கீரைக்கு இப்போது எங்கே போவது என்று அம்மா எப்போதாவது கேட்பாள். சாலிட்யூடின் வரப்போரம் அவள் அதைப் பார்த்துவிட்டாள். இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்து நின்றது. சாப்பிட்டுக்கொண்டே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, “பூத்துப்போச்சு. பூத்தா நாராட்டம் இருக்கும். விட்டுட்டாங்க” என்று வருத்தப்பட்டாள்.

பக்கத்து மேஜையில் சென்னையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று. அந்த வீட்டு அம்மா பரிமாறிய பெண்ணிடம், “பெஸ்டிசைடு எதுவும் கிடையாதில்லம்மா?” என்று கேட்டார். “எதுவும் அடிக்கறதில்லம்மா” என்றார் அந்தப் பெண். அவருக்குப் பக்கத்து ஊரான குயிலாப்பாளையம். அப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தட்டுக்குத் திரும்பிக்கொண்டார்.

எனக்குக் காரணம் தெரியும். எங்கள் கிணற்று மேட்டோரம் கத்தரி ஒரு சால் தனியாக இருக்கும். அப்பா முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு வயல் முழுக்க அடிப்பார், அந்த ஒரு சாலுக்கு மட்டும் போக மாட்டார். அம்மா அவரை விட்டதில்லை. “ஊட்டுக்கு அடிக்காதீங்க” என்பது அவள் வைத்த ஒரே நிபந்தனை. மருந்தடித்த கத்தரி பளபளவென்று, ஓட்டையில்லாமல் மார்க்கெட்டுக்குப் போனது. அந்தச் சால் காய் புழு துளைத்துக் கோணலாக வந்தது. நாங்கள் கழிவு தின்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், கத்தரி விஷயத்தில் மட்டும் அது வேறு கணக்கு. எங்கள் ஊரில் அப்படி ஒரு சால் வைக்காத வீடு குறைவு. யாரும் அதை வெளியே பேசுவதும் குறைவு. வாங்குகிறவன் முகம் தெரியாதவரை இதெல்லாம் நடக்கும்.

முகம் தெரிந்தது உழவர் சந்தை வந்த பிறகுதான். 1999 நவம்பரில் மதுரையில் முதல் சந்தை திறந்து, அடுத்தடுத்து மற்ற ஊர்களுக்கும் வந்தது. அப்பா போட்டோ ஒட்டிய அடையாள அட்டை வாங்கிக்கொண்டு கொஞ்ச காலம் திண்டுக்கல் உழவர் சந்தைக்குக் காய் கொண்டுபோனார். இத்தனை வருட விவசாயத்தில் தன் காயை வாங்கிச் சமைக்கப்போகிறவரை அவர் நேருக்கு நேர் பார்த்தது அங்கேதான். வாரம் தவறாமல் வரும் டீச்சரம்மா ஒருவர், ஒரு நாள் கத்தரிக்காயைக் கையில் எடுத்து, “மருந்து அடிச்சதாங்கய்யா?” என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்குப் பொய் வரவில்லை. “அடிச்சதுதானுங்க. பத்து நாளாச்சு” என்றிருக்கிறார். அந்த அம்மா காயை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் அப்பா ஒரு சின்னப் பையில் வீட்டுச் சால் காயைத் தனியாகக் கொண்டுபோனார். ஓட்டைக் காய். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். டீச்சரம்மா வந்ததும் பையைப் பிரித்துக் காட்டி, “இது எங்கூட்டுக்கு வச்சதுங்க. புழு இருக்கும், வெட்டிப் பார்த்துக்கங்க” என்றார். அவர் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டார், அதே விலைக்கு. அதற்குப் பிறகு வாரா வாரம் அந்தப் பை போனது. வீட்டில் எங்களுக்குக் கத்தரி குறைந்ததில் அம்மாவுக்குக் கோபம். “புழுக்காயைக்கூட விட்டு வைக்கறதில்ல” என்பாள். கொஞ்ச நாளில் அந்தச் சால் இரண்டானது, மூன்றானது. அதற்கு மேல் போகவில்லை. அத்தனை புழுவை வாங்க அத்தனை டீச்சர்கள் வேண்டுமே.

கலிஃபோர்னியாவில் டேவிட் மாஸ் மசுமோட்டோ என்றொரு விவசாயி இருக்கிறார். ஒரு பீச் பழ ரகத்துக்கு இரங்கல் சொல்வதாகத் தலைப்பிட்டு 1995இல் ஒரு புத்தகம் எழுதினார். சன் கிரெஸ்ட் என்ற அந்த ரகம் தின்பதற்குத் தேன், ஆனால் கடை கேட்கும் சிவப்பு அதில் ஏறாது, நாள்பட நிற்காது. வியாபாரிகள் கைவிட்டார்கள். அதே மாநிலத்தில், பெர்க்லி நகரத்தில், ஆலிஸ் வாட்டர்ஸ் 1971இல் திறந்த ஷே பனீஸ் உணவகம், வயலிலிருந்து நேரே தட்டுக்கு என்ற இந்தப் போக்குக்கே முன்னோடி என்பார்கள். அங்கே சாப்பாட்டின் கடைசியில் சில நாள் சமைக்காத பழம் ஒன்றைத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள், மசுமோட்டோ தோட்டத்துப் பீச்சும் அவர் பெயரோடு அப்படிப் போயிருக்கிறது. படித்தபோது எங்கள் வேப்பமரத்தடிக் கூடைதான் கண்ணில் வந்தது. பயணம் தாங்காத பழம் ஒன்று மரத்தடியிலேயே தின்னப்பட வேண்டும், இல்லையென்றால் தின்கிறவன் மரத்தடிக்கு வர வேண்டும். இரண்டாவதற்கு உலகத்தில் கொஞ்சம் பேருக்குத்தான் வசதி.

இன்று எங்கள் தோட்டம் குத்தகைக்குப் போய்விட்டது. அதில் விளைவது தோல் தடித்த ஹைபிரிட் தக்காளி, கீழே போட்டாலும் உடையாது. அப்பா காலத்தில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம்-1 போட்டோம், தோளில் பச்சை மாறாமல் நிற்கும், அதையே அந்நாளில் கெட்டிப்பழம் என்போம். வீட்டு வாசலுக்கு டெம்போ ஒன்று ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வருகிறது, அதில் மதனப்பள்ளித் தக்காளியும் இருக்கிறது. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அம்மா ஆந்திரத் தக்காளி வாங்குகிறாள். பேரம் பேசி வாங்குகிறாள், பொறுக்கி நல்லதாகவும் எடுக்கிறாள். வாழ்க்கையில் முதல்முறையாக முதல் குவியல் அவளுக்கு வருகிறது. ருசி இல்லை என்பது வேறு விஷயம்.

தட்டில் மிஞ்சியிருந்த தக்காளியை அப்பா கடைசியாக எடுத்தார். வெடித்த பழமாகப் பார்த்துப் பொறுக்கினார். உப்பு கேட்டு வாங்கித் தொட்டுச் சாப்பிட்டார். “கழிவத்தான் போட்டிருக்காங்க” என்று அம்மா அவர் காதில் விழும்படி முணுமுணுத்தாள். “ஆமா, நல்லதையே போட்டிருக்காங்க” என்றார் அவர்.

பில் வந்தது. என் மனைவி அதை அவர் கண்ணில் படாமல் எடுக்கப் பார்த்தாள், “மாமா பார்த்தா சத்தம் போடுவாங்க” என்று எனக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். அவர் கையை நீட்டி வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தலைக்கு எவ்வளவு என்று வகுத்தார். பிறகு வயல் பக்கம் பார்த்துக்கொண்டே கணக்குப் போட ஆரம்பித்தார். பறிப்புக் கூலி, தண்ணீர் கட்ட ஒரு ஆள், அடுப்படியில் எத்தனை பேர், பரிமாற எத்தனை பேர், இந்த வெடிப்பழத்தை விட்டுவிட்டால் மார்க்கெட்டில் போணியாகும் சரக்கே இங்கே எவ்வளவு குறைச்சல்.

“இந்த வெலைக்கு எப்படிக் கட்டுதுன்னு தெரியல” என்றார். பரிமாறிய பெண்ணைக் கூப்பிட்டு, “ஏங்கண்ணு, ஒரு நாளைக்கு எத்தன பேரு சாப்பிடறாங்க?” என்று விசாரிக்கத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்ல, எதிரில் கிடந்த காகிதத்தைத் திருப்பிப் போட்டு என்னிடம் பேனா கேட்டார். அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். “வாங்க கண்ணு, கடலுக்குப் போலாம். உங்க தாத்தன் குத்தகை பேசி முடிச்சிட்டுத்தான் வருவாரு.”